நேரலையும் நேரில் வருதலும்

உறையூரில் வாழும் கல்லூரி மாணவர் ஒருவர் நமக்கு நீண்டதொரு மடல் வரைந்திருக்கிறார். காட்சித் தொடர்பியல் பயிலும் அவர், தம் பங்கின் இளையோர் நடுவே எழுந்துள்ள வழக்கு ஒன்றை எடுத்துரைத்து, நம் கருத்தை அறிய விரும்புகிறார். வழக்கு ஒரு பங்கினுடையதாயினும், நம் குடும்பங்கள் அனைத்தும் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள் அதில் அடங்கியிருப்பதால், இத்திங்கள் அதனையே நம் பக்கத்திற்கு எடுத்துக்கொண்டோம்.

செய்தி இதுதான். ஆண்டுதோறும் தவக்காலத்தின் இறுதியில் அப்பங்கு மக்கள் ஆண்டவரின் திருப்பாடுகளை நாடகமாக நடித்து வருகின்றனர். இப்போது சிலர் ஒரு யோசனை சொல்கின்றனர். நாடகத்தைச் சிறந்த கருவிகளைக் கொண்டு ஒரே ஒரு முறை குறையின்றிப் பதிவு செய்துவிடலாம். அடுத்த ஆண்டு முதல் கோயில் வளாகத்தில் பெரிய திரை கட்டி அப்பதிவையே காட்டலாம். யூடியூபிலும் ஏற்றிவிடலாம் என்கின்றனர்.

அவர்கள் கூறும் காரணங்கள் தள்ளத்தக்கவை அல்ல. ஒத்திகை பார்க்கும் மாதங்களே பிள்ளைகளுக்குத் தேர்வு மாதங்கள். வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் இரவுப் பணி முடித்துக் களைத்து வருகின்றனர். ஒலிபெருக்கி, விளக்கு, உடை, மேடை என்று செலவு ஆண்டுக்காண்டு ஏறுகிறது. அப்பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்றும் ஒருவர் கேட்டாராம். பெத்தானியாவில் நறுமணத் தைலம் ஊற்றப்பட்டபோதும் இக்கேள்வி எழுந்ததை நம் வாசகர்கள் அறிவார்கள். ஆயினும் இவர் நல்ல மனத்தோடுதான் கேட்டிருப்பார் என்று நம்புவோமாக. மேலும், வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் உழைக்கும் பிள்ளைகளும், படுக்கையில் கிடக்கும் முதியோரும் பதிவின் வழியாகவேனும் காண்பார்கள் அன்றோ?

மாணவரோ இரு மனத்தவராய் இருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக அந்நாடகத்தில் அவர் உரோமைப் படைவீரருள் ஒருவராக நின்றிருக்கிறார். பேசுவதற்கு ஒரு சொல்லும் இல்லாத வேடம். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதே வேலை. "பதிவில் நான் என்றும் நின்றுகொண்டிருப்பேன். ஆனால் எனக்குப் பிறகு அந்த ஈட்டியைப் பிடிக்க வேண்டிய சிறுவன் எங்கே நிற்பான்?" என்று கேட்கிறார். வழக்கு முழுவதும் இக்கேள்வியில் அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம்.

சொல் தரும் பாடம்

'நேரலை' என்பது இன்று நம் வீடுகளில் இயல்பாகப் புழங்கும் சொல். கிரிக்கெட் நேரலை, திருவிழா நேரலை, திருமண நேரலை என்று நாள்தோறும் கேட்கிறோம். 'நேர்' என்பதற்கு எதிரெதிரே இருத்தல் என்று பொருள். ஒருவர் நேரில் வந்து அழைத்தார் என்றால், படியேறி வந்து, முகம் பார்த்து, தட்டில் பத்திரிகையை வைத்து அழைத்தார் என்றே கொள்வோம். அந்த 'நேர்' என்ற சொல்லை இப்போது அலைக்கு இரவல் கொடுத்திருக்கிறோம். நேரலையில் காலம் ஒன்று, இடம் வேறு. பதிவிலோ காலமும் வேறு, இடமும் வேறு. நேரில் வருதல் ஒன்றில்தான் காலமும் இடமும் ஒருங்கே கூடுகின்றன.

கருவிகள் தோன்றுவதற்கு முன்னர் எவரும் ஒரு கூத்தை 'நேரடிக் கூத்து' என்று சொன்னதில்லை. கூத்து என்றாலே அது நேரில்தான். பதிவு என ஒன்று வந்த பிறகே 'நேரடி' என்பதற்கும் ஒரு பெயர் வேண்டியதாயிற்று. அமெரிக்க அறிஞர் பிலிப் ஆஸ்லாண்டர் 1999-இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை விரித்துரைத்திருப்பதை மாணவர் சுட்டுகிறார். எனவே, மேடை தூயது, கருவி தீயது என்று எளிதாகக் கோடு கிழித்துவிட முடியாது என்பது அவர் துணிபு. அது சரியான துணிபே. அதற்கு அவர் வாழும் திருச்சி நகரமே சான்று பகரும்.

திருச்சி கண்ட மாற்றங்கள்

1905-ஆம் ஆண்டில், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் பணியாற்றிக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் இளைஞர், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் சில மௌனப் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். பணியைத் துறந்து, கூடாரம் அடித்து, ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கினார். தென்னாட்டவர் ஒருவர் நடத்திய முதல் திரைக்காட்சிகள் இவையே என்பர். அவர் காட்டிய படங்களுள் பெயர் பெற்றது எது தெரியுமா? இயேசு பெருமானின் வாழ்க்கை வரலாறு! ஆகவே, திருப்பாடுகளைத் திரையில் காணுதல் திருச்சி மக்களுக்குப் புதிதன்று. நூற்றிருபது ஆண்டுப் பழக்கம் அது. இன்னொன்றையும் இங்கே கருத வேண்டும். மௌனப் படக் காலத்தில், திரையின் அருகே ஒருவர் நின்று கதையை உரக்க விளக்கிச் சொல்வது வழக்கம். படம் கருவியிலிருந்து வந்தது. குரல் மனிதரிடமிருந்து வந்தது.

அதே நகரத்தில் மேடையும் செழித்திருந்தது. எஃப். ஜி. நடேச ஐயர் 1914-இல் தோற்றுவித்த ரசிக ரஞ்சன சபா நாடகத்தையும் இசையையும் வளர்த்தது. மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்த தியாகராஜ பாகவதர், சிறுவனாக அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசன் வேடமேற்றது அவரது ஆதரவில்தான். 1931-இல் தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வெளிவந்தது. 1934-இல் பாகவதரின் 'பவளக்கொடி' மேடையிலிருந்து திரைக்குச் சென்றது. பத்தே ஆண்டுகளில் அவருடைய 'ஹரிதாஸ்' சென்னையில் ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. மேடையில் ஓர் இரவில் சில நூறு பேர் கேட்ட குரலை நாடே கேட்டது.

1939 மே 16-ஆம் நாள் திருச்சி வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. ஒலிநாடா பரவாத அந்நாட்களில் பாட்டும் நாடகமும் பெரும்பாலும் நிலையத்தில் நிகழ்ந்த அதே கணத்தில் ஒலிபரப்பாயின. பாடகர் இருமினால் அவ்விருமலும் காற்றில் ஏறியது! ஒரு பெட்டியைச் சுற்றித் தெருவே அமர்ந்து கேட்டது. பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. வீட்டுக்கு ஒரு பெட்டி ஆயிற்று. இன்று கைப்பேசி வந்துள்ளது. ஆளுக்கு ஒரு பெட்டி ஆயிற்று. கருவி சிறுத்துக்கொண்டே வருகிறது. அதைச் சுற்றி அமரும் கூட்டமும் சிறுத்துக்கொண்டே வருகிறது.

ஒவ்வொரு கருவி வந்தபோதும் கலை அழிந்துவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. கலை அழியவில்லை. ஆயின் அச்சம் முழுவதும் பொய்த்துவிடவும் இல்லை. பேசும் படம் வந்தபின் நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. நாடகக் கொட்டகைகள் பல திரையரங்குகளாயின. மேடைக்கென்றே சிறுவர்களைப் பழக்கிய பாலர் சபைகள் இன்று இல்லை. கருவி கலையைக் கொண்டுசென்றது. கலைஞரை உருவாக்கிய களம் அதனால் தளர்ந்தது. இவ்விரண்டையும் சேர்த்தே நினைவில் இருத்த வேண்டும்.

கருவிக்கு நன்றி

செங்கோட்டைக் கிட்டப்பாவை எண்ணிப் பாருங்கள். 1906-இல் பிறந்து 1933-இல், இருபத்தேழு வயதில் மறைந்தார். திரைப்படம் ஒன்றிலும் அவர் நடித்ததில்லை. இசைத்தட்டு என்ற ஒன்று இல்லாதிருந்தால் அவர் குரல் இன்று வெறும் கதையாகவே போயிருக்கும். கருவியின் கருணையால் இன்றும் அதனைக் கேட்கிறோம். 1948-இல் சிட்டாடல் நிறுவனத்தார் எடுத்த 'ஞானசௌந்தரி'யையும் நம் முதியோர் மறவார். மேடைகளில் நெடுங்காலம் நடிக்கப்பட்ட கதை அது. அப்படத்தில் தேவமாதாவை நோக்கிப் பாடப்பெற்ற பாடல், நம் இல்லங்களில் மாலைச் செபத்தோடு சேர்ந்தே ஒலித்தது. இவற்றையெல்லாம் அனுபவித்துவிட்டுக் கருவியைப் பழிப்பது நன்றி மறத்தலாகும்.

ஆயினும், அந்த இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாட முடியும். மேடையில் விடிய விடியப் பாடியவர், தட்டுக்காகத் தம் பாட்டைக் குறுக்கினார். கூட்டம் மீண்டும் கேட்டதும், அதைக் கண்டு அவர் முன்னினும் உயர்ந்து பாடியதும் அத்தட்டில் இல்லை. நமக்குக் கிடைத்திருப்பது கிட்டப்பாவின் குரல்; கிட்டப்பாவின் இரவு நமக்குக் கிடைக்கவில்லை.

கருவியால் இயலாதவை

அந்த இரவில் என்ன இருந்தது? முதலாவது, பார்ப்பவரும் நடிப்பவரும் ஒருவரையொருவர் உணர்ந்தனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை பழந்தமிழர் அமைத்த மேடையின் அளவைச் சொல்கிறது. அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரே கோல். கோல் என்பது இருபத்துநான்கு விரலளவு. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகளை நிறுத்த வேண்டும் என்றும் அது கூறுகிறது. மேடையை இவ்வளவு தாழ்வாகவும், ஒளியை இவ்வளவு கவனமாகவும் அமைத்தவர்கள் எதிரே இருப்பவரின் கண்களை மறவாதவர்கள். திரையில் நடிப்பவர் நம்மைக் காண்பதில்லை. நாம் அழுதாலும் உறங்கினாலும் எழுந்து போனாலும் அவர் முகம் மாறுவதில்லை. மேடையில் நடிப்பவரோ கூட்டத்தின் மௌனத்தைக் கேட்கிறார். அம்மௌனம் அவர் குரலை மாற்றுகிறது.

இரண்டாவது, மேடையில் தவறு நேரக்கூடும். பேதுருவாக நடிப்பவர் வசனம் மறக்கலாம். சேவல் கூவ வேண்டிய நேரத்தில் ஒலிபெருக்கி மௌனம் காக்கலாம். குறையற்ற பதிவை விரும்புவோர் இவற்றைத்தான் நீக்க எண்ணுகின்றனர். ஆனால் வசனம் மறந்தவருக்குப் பக்கத்தில் நிற்பவர் மெல்ல எடுத்துக் கொடுக்கிறாரே, அந்த உதவியும் அல்லவா அதனோடு நீங்கிவிடுகிறது? அதைக் கண்ட பார்வையாளர் சிரிப்பதில்லை. தம் வீட்டுப் பிள்ளைக்கு நேர்ந்ததாகவே எண்ணி மூச்சடக்கிக் காத்திருக்கின்றனர்.

மூன்றாவதே தலையாயது. நாடகம் அதைப் பார்ப்பவருக்காக மட்டும் நடைபெறுவதன்று, நடிப்பவருக்காகவும் நடைபெறுகிறது. உறையூர் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வணிக ஏடான பெரிப்ளூஸ், 'ஆர்கரு' என்னும் ஊரின் துணிகளைக் குறிக்கிறது. அவ்வூர் உறையூரே என்பர் அறிஞர். தறியில் அமர்ந்த கை அடுத்த கைக்குக் கற்றுக் கொடுத்ததனால்தான் அத்தொழில் இத்தனை நூற்றாண்டுகள் நின்றது. பேழைக்குள் பாதுகாக்கப்பட்ட ஒரு சேலை எவ்வளவு அழகாயிருந்தாலும், அது இன்னொரு சேலையை நெய்வதில்லை. காவிரியைக் கடந்து திருவரங்கம் சென்றால், அங்கே மார்கழித் திருநாளில் அரையர்கள் தாளமேந்தி, கூம்பிய குல்லாய் அணிந்து, ஆழ்வார்களின் பாசுரங்களைப் பாடி அபிநயிப்பதைக் காணலாம். தந்தையிடமிருந்து மகன் பெற்று, நம் காலம் வரை வந்த கலை அது. ஒரு தலைமுறை கைவிட்டிருந்தால், எத்தனை பதிவுகள் இருந்தாலும் அதனை மீண்டும் எழுப்புதல் அரிது.

திருப்பாடுகளின் நாடகம்

திருப்பாடுகளின் நாடகத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும். தமிழ் மேடையில் அதற்கு நீண்ட மரபு உண்டு. நவாப் இராஜமாணிக்கம் தம் நாடகக் குழுவின் வழியாக 'ஏசுநாதர்' நாடகத்தை நடத்தியபோது எல்லாச் சமயத்தாரும் வந்து கண்டனர். வீரமாமுனிவர் பணியாற்றிய ஆவூரில் உயிர்ப்புக் காலத்தில் பாஸ்கா நாடகமும் தேர்த்திருவிழாவும் நடைபெறுகின்றன. யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகளார் 1965-இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் காட்சிகளைப் பெரிய அளவில் மேடையேற்றியது. போர் சூழ்ந்த ஆண்டுகளிலும் அம்மன்றம் கலைப்பணியைக் கைவிடவில்லை.

தொலைநாட்டுச் சான்று ஒன்றையும் காண்போம். ஜெர்மனியின் பவேரியாவில் ஓபரம்மர்காவ் என்றொரு சிற்றூர் உண்டு. 1633-இல் கொள்ளைநோய் தாக்கியபோது, ஆண்டவரின் பாடுகளை நாடகமாக நடிப்போம் என்று அவ்வூரார் நேர்ந்துகொண்டனர். 1634-இல் முதன்முறையாக நடித்தனர். இன்றளவும் பத்தாண்டுக்கு ஒருமுறை நடித்து வருகின்றனர். அவ்வூரில் பிறந்தவரோ, இருபது ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவரோதான் நடிக்கலாம். ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கொண்ட ஊரில் பாதிக்கு அணித்தானவர் ஏதேனும் ஒரு பங்கேற்கின்றனர். முந்திய ஆண்டின் திருநீற்றுப் புதன் முதல் தலைமுடியும் தாடியும் வளர்க்கின்றனர். 2020-இல் நடக்க வேண்டிய நாடகம் கொரோனா தொற்றால் நின்றது. கொள்ளைநோயால் பிறந்த நேர்ச்சை கொள்ளைநோயாலேயே தடைப்பட்டது! அவர்களிடம் கருவிகளுக்குப் பஞ்சமா? பழைய பதிவைக் காட்டி நேர்ச்சை நிறைவேறியது என்று சொல்லியிருக்கலாம். அவர்களோ ஈராண்டு காத்திருந்து, 2022-இல் மீண்டும் மேடையேறினர். நடிப்போம் என்பதே நேர்ச்சை, காட்டுவோம் என்பதன்று.

அந்த 2020-ஆம் ஆண்டை நாமும் மறக்கவில்லை. மார்ச்சுத் திங்களின் இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பாஸ்கா மேடைகள் எழவில்லை. திருவிழாக்களை நம்பியிருந்த கூத்துக் கலைஞர்களும் நாதசுர, தவில் கலைஞர்களும் வருவாயின்றித் தவித்தனர். அவ்வாண்டு மார்கழியில் சென்னைச் சபாக்களின் கச்சேரிகளும் இணையத்தின் வழியே ஒலித்தன. கைதட்டல் இல்லாத கச்சேரி அது! மார்ச்சு 27 மாலை, மழையில் நனைந்த வெறுமையான பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனித்து நின்று செபித்ததைத் தொலைக்காட்சியில் கண்டு கண்கலங்காதார் யார்? கருவி இல்லாதிருந்தால் நாம் அன்று அநாதைகளாகியிருப்போம். ஆனால் மூன்று வாரங்கள் கழித்து, ஏப்ரல் 17-ஆம் நாள் மறையுரையில், அதே திருத்தந்தை எச்சரிக்கை ஒன்றும் விடுத்தார். திரையின் வழியான இந்நிலை இடர்க்காலத்திற்கு உரியது. மக்களோடும் அருட்சாதனங்களோடும் கூடியிருப்பதே திருச்சபை என்பது அவர் கூறியதன் கருத்து.

நோயுற்ற புனித கிளாரா, கிறிஸ்து பிறப்பு இரவில் கோயிலுக்குச் செல்ல இயலாமல் படுக்கையில் இருந்தபோது, தொலைவில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டு கேட்டார் என்பது மரபு. அதனால்தான் பன்னிரண்டாம் பத்திநாதர் 1958-இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். இதில் ஒரு நுட்பம் உண்டு. கிளாரா எழுந்து செல்ல இயலாதவராய் இருந்தார். இயலாதவர்க்குத் தொலைக்காட்சி வரம். இயன்றவர்க்கு அதுவே சோம்பலின் வாயிலாகிவிடக்கூடாது.

நம் கருத்து

ஆகவே, அப்பங்கின் இளையோருக்கு நாம் சொல்ல விரும்புவது இது. நாடகத்தைப் பதிவு செய்யுங்கள், நன்றாகவே செய்யுங்கள். அப்பதிவை முதியோர் இல்லத்திற்கும் நோயாளரின் படுக்கைக்கும் அயல்நாட்டில் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் அனுப்புங்கள். வயதான உபதேசியார்களும் நாடக ஆசிரியர்களும் அறிந்த மெட்டுகளையும் வசன முறையையும் அவர்கள் இருக்கும்போதே பதிந்து வையுங்கள். ஆனால் ஆண்டுதோறும் நடிப்பதை நிறுத்தாதீர்கள்.

செலவு மிகுதியென்றால் மேடையைச் சிறிதாக்குங்கள். வாடகை உடைகளுக்குப் பதில் வீட்டு வேட்டிகளும் போர்வைகளும் போதும். நான்கு மணி நேர நாடகத்தை ஒன்றரை மணியாகச் சுருக்குங்கள். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குச் சிறிய வேடங்களைக் கொடுங்கள். தேர்வு முடிந்தவரோ வேலையில் இருப்பவரோ பெரிய வேடங்களை ஏற்கட்டும். ஆண்டுக்கு இருவரையேனும் புதிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மீதமாகும் பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பதும் இயலும். எளிய நாடகம் எளிய மனிதரின் பாடுகளைச் சொல்வதற்கு இழிவாகாது.

பெற்றோருக்கும் ஒரு சொல். ஒத்திகைக்குப் போகும் பிள்ளை நேரத்தை வீணாக்குகிறான் என்று கடிந்துகொள்ளாதீர்கள். ஒரு சொல்லும் இல்லாத வேடத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கக் கற்றவன், பிறர் பேசும்போது பொறுத்துக் கேட்கக் கற்றிருக்கிறான். யூதாசாக நடித்தவன் ஊரார் முன் வெறுக்கப்படுவதன் வலியை ஓர் இரவேனும் அறிந்திருக்கிறான். மகதலா மரியாவாக நடித்த பெண், அழுவதற்கு வெட்கப்படாமல் இருக்கக் கற்றிருக்கிறாள். இப்பாடங்களை எந்தத் திரையும் நடத்தித் தருவதில்லை.

பார்க்கச் செல்வோரும் தம் பங்கைச் செய்ய வேண்டும். நாடகம் தொடங்கியதும் கைப்பேசிகள் உயர்வதை இப்போது எங்கும் காண்கிறோம். முன்னால் இருப்பவரின் கைப்பேசித் திரையில் பின்னால் இருப்பவர் நாடகம் பார்க்கும் நிலை! ஒருவர் பதிவு செய்தால் போதும். மற்றவர்கள் கண்களால் காணலாம். சிலுவையைச் சுமப்பவர் நம்மைக் கடந்து செல்லும் அந்தச் சில நொடிகளில், அவர் முகத்துக்கும் நம் முகத்துக்கும் நடுவே எதுவும் இல்லாதிருக்கட்டும்.

வரும் தவக்காலத்திற்கு இன்னும் நாள் இருக்கலாம். அதற்கு முன் உங்கள் ஊரில் ஒரு பள்ளி நாடகமோ, கோயில் திருவிழாவில் ஒரு வில்லுப்பாட்டோ, தெருமுனையில் ஒரு கூத்தோ நடந்தால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குடும்பமாகச் செல்லுங்கள். முன்வரிசையில் பாயை விரித்து அமருங்கள். முடிந்தபின் நடித்தவர்களிடம் சென்று, நன்றாயிருந்தது என்று நேரில் ஒரு சொல் சொல்லுங்கள். அச்சொல்லை நம்பியே அவர்கள் அடுத்த ஆண்டும் மேடையேறுவார்கள்.